சிறுகதை கற்பித்தலும் சொற்பொருள் உணர்தலும்

தமிழ்ப் பாட நேரத்திலே புதிய சிறுகதை ஒன்று தொடங்கப்படும்போது முதலில் நிகழ்வது யாது? கரும்பலகையின் இடப்புறத்தே அரும்பதங்கள் எழுதப்படுகின்றன. வலப்புறத்தே அவற்றின் பொருள் எழுதப்படுகின்றது. மாணாக்கர் இருபது, இருபத்தைந்து சொற்களைத் தத்தம் கொப்பிகளிற் பெயர்த்தெழுதி முடித்த பின்னரே கதை வாசிக்கப்படுகின்றது. வாசிப்பு முடிந்ததும் கதைச் சுருக்கம், பாத்திரப் பண்பு, கதையின் கரு என்பன ஒவ்வொன்றாகச் சொல்லப்பட, அவையும் கொப்பியில் ஏறுகின்றன. இவ்வாறு கற்பிப்போர் சோம்பேறிகள் அல்லர். பாடத்திட்டத்தின் அளவையும் பரீட்சையின் நெருக்கத்தையும் அறிந்து, மாணாக்கர் நலங் கருதியே இவ்வழியைக் கைக்கொள்கின்றனர். இதனை எழுதுவோனும் பல்லாண்டுகள் இவ்வாறே கற்பித்தவன்.

இம்முறையின் குறைபாட்டை எனக்கு உணர்த்தியது ஒரு விடைத்தாள். வ. வே. சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' என்னுங் கதையிலிருந்து வினாக்கள் கொடுக்கப்பட்டிருந்தன. ஒரு மாணவன் பத்துச் சொற்களுக்கும் பிழையறப் பொருள் எழுதியிருந்தான். ருக்மிணி இறந்தமைக்குக் காரணம் யாது என்ற வினாவுக்கோ, குளத்துப் படியிற் கால் வழுக்கி வீழ்ந்தமையே காரணம் என்று எழுதியிருந்தான். முதலிற் சிரிப்பு வந்தது. பின்னர் நாணம் வந்தது. சொற்கள் அனைத்தையும் அறிந்த ஒருவன் கதையை அறியாதிருந்தான். அவனுக்குச் சொற்கள் கதையிலிருந்து கிடைக்கவில்லை, கரும்பலகையிலிருந்து கிடைத்தன. ஆதலின் கதைக்குள்ளே நுழைய வேண்டிய தேவை அவனுக்கு ஏற்படவேயில்லை.

அறியாத சொல்லின் பொருளை அதன் சூழலிலிருந்து உய்த்துணர்தலும், ஒரு கதையை ஆராய்தலும் இரு வேறு பயிற்சிகள் என்றே நாம் எண்ணி வருகிறோம். முன்னையதை மொழிப் பாடத்திலும் பின்னையதை இலக்கியப் பாடத்திலும் சேர்த்து வைத்திருக்கிறோம். உண்மையில் இரண்டுக்கும் வேண்டப்படுவது ஒரே பழக்கம்: சொல்லப்பட்டதன் அயலிலே நிற்பனவற்றை உற்று நோக்குதல்.

இப்பழக்கத்துக்கு நம் இலக்கணத்திலேயே வழிகாட்டல் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்தில், பல பொருள் குறித்து வரும் ஒரு சொல் இன்னவிடத்தில் இன்ன பொருளது என்று துணிவதற்கு மூன்று வழிகள் கூறப்படுகின்றன. அச்சொல் கொண்டு முடியும் வினை ஒன்று. அதனோடு சேர்த்தெண்ணப்படும் இனம் மற்றொன்று. அது சொல்லப்படும் சார்பு மூன்றாவது. 'மா' என்னுஞ் சொல்லை உரையாசிரியர் உதாரணமாகக் காட்டுவர். மா பூத்தது எனின் வினையினால் மரம் என அறிகிறோம். மருதமரத்தோடு சேர்த்துச் சொல்லப்படின் இனத்தினால் அறிகிறோம். கவசம் பூண்டு நிற்பவன் ஒருவன் மாவைக் கொண்டுவா என்று கூறின், அது குதிரை என்பதைச் சார்பினால் அறிகிறோம். அவ்வேளையில் மாங்கன்றைத் தூக்கிக்கொண்டு சென்று நிற்கும் ஏவலாளனை எண்ணிப் பார்க்க! தொல்காப்பியர் இவ்விதியைப் பல பொருள் ஒரு சொல்லுக்கே கூறினாராயினும், முற்றிலும் அறியாத சொல்லுக்கும் இம்மூன்று வாயில்களும் பயன்படுதலை அனுபவத்திற் காணலாம். இவையெல்லாம் எம் முன்னோர் அன்றே அறிந்தவை என்று மேடையிற் பெருமை பேசுகிறோம். வகுப்பறையில் அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

தமிழகத்துக் கதைகளை வாசிக்கும் ஈழத்து மாணாக்கருக்கு 'ரேழி' என்னுஞ் சொல் புதியது. "செருப்பைக் கழற்றிவிட்டு ரேழியைக் கடந்து கூடத்துக்கு வந்தான்" என ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். கடத்தல் என்னும் வினையால் அஃது ஓர் இடம் என்பது பெறப்படும். செருப்புக் கழற்றும் வாயிலுக்கும் கூடத்துக்கும் நடுவே உள்ளது என்பதும் பெறப்படும். இவ்வளவையும் மாணவனே கண்டுகொண்ட பின்னர், இடைகழி என்னும் பழஞ்சொல்லே தேய்ந்து ரேழி ஆயிற்று என்றும், திருக்கோவலூரிலே மழையிரவில் முதலாழ்வார் மூவரும் நெருங்கி நின்ற இடம் ஓர் இடைகழியே என்றும் ஆசிரியர் கூறலாம். அச்சொல்லை அவன் பின் மறவான். முன்னரே கூறிவிடின் அஃது இருபத்தைந்தில் ஒன்றாய் ஒழியும். இனத்துக்கு உதாரணம் நம் ஊரிலேயே உண்டு. செம்பு, கிண்ணம், மூக்குப்பேணி என அடுக்கி வந்தால், மூக்குப்பேணியைக் கண்டறியாத இக்காலத்துச் சிறுவனும் அது பாத்திர வகை என்பதை உணர்வான். அதிலே தேநீர் வார்க்கப்பட்டது என்று அடுத்த வரி கூறின் அதன் அளவையும் ஒருவாறு உணர்வான். 'மூக்கு' எதற்கு என்று அவனே கேட்பான். அக்கேள்வி எழுந்த பின்னர்ச் சொல்லப்படும் விடைக்கே மதிப்புண்டு.

சார்பே மூன்றனுள்ளும் அரியது. சிறுகதைக்கு மிக அணுக்கமானதும் அதுவே. வகுப்பிலே பயன்படுத்துதற்பொருட்டு யானே எழுதிய சிறு பகுதி ஒன்றை இங்கே தருகிறேன்:

"தந்தையார் கடிதத்தை வாசித்து முடித்தார், மடித்து மேசைமேல் வைத்தார். என்ன செய்தி என்று தாயார் இரண்டு முறை கேட்டார். அவர் வாளா இருந்தார். அடுப்பிலே பால் பொங்கி வழிந்தது. அதனை இறக்கி வைப்பார் இல்லை."

'வாளா' என்பதன் பொருள் யாது என்று கேட்டேன். வாள் என்றான் ஒருவன், வகுப்பு நகைத்தது. வாளுக்கு இங்கே வேலை இல்லை என்பதை அவனே ஒப்புக்கொண்டான். கோபமாக என்றான் மற்றொருவன். அச்சொல்லை அவ்விடத்தில் வைத்து வாசித்துப் பார்த்தோம். வாக்கியம் பொருந்தியே நின்றது. பொருந்துவதெல்லாம் பொருளாகாது என்பதைக் காட்டுதற்கு இதனினும் நல்ல தருணம் கிடையாது. கோபத்துக்குச் சான்று யாது என்றேன். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின் வரிசையிலிருந்த ஒருவன் எழுந்து, "கோபம் வந்தவர் கடிதத்தைக் கசக்கியிருப்பார், சேர், இவர் மடித்து வைத்திருக்கிறார்" என்றான். இரண்டு முறை கேட்டார் என்பதனால் முதன்முறை விடை கிடைக்கவில்லை என்பது தெளிவு என மற்றொருவன் கூறினான். பேசாமல் இருந்தார் என்னும் பொருளை வகுப்பே கண்டடைந்தது.

பாடம் அங்கே முடியவில்லை. பாலை இறக்கி வைக்க வேண்டியவர் யார்? தாயார். அவர் ஏன் இறக்கவில்லை? கணவருடைய மௌனத்திலிருந்தே செய்தியை அவர் உணர்ந்துகொண்டார் என்றான் முன்னர் வாள் என்று கூறியவன். கடிதத்தில் இருந்தது யாது என்று கேட்டபோது மரணச் செய்தி, கலியாணம் குழம்பிய செய்தி, வேலை போன செய்தி எனப் பல விடைகள் வந்தன. எதற்கும் வரிகளில் ஆதாரம் இல்லை. கெட்ட செய்தி என்பதற்கு மேல் ஒன்றையும் துணிய இயலாது என்று அவர்கள் ஒத்துக்கொள்ளச் சிறிது நேரம் சென்றது. ஒரு சொல்லின் பொருளைத் தேடப் புகுந்தவர்கள், பாத்திரங்களின் மனநிலை, ஆசிரியர் கூறாது விட்டது, கூறாது விட்டதன் பயன் என்பவற்றையெல்லாம் தாமே பேசினர். 'பாத்திரப் பண்பு' என்ற தலைப்பைக் கரும்பலகையில் எழுதவேண்டிய அவசியம் நேரவில்லை.

சூழல் எப்பொழுதும் நேர்வழி காட்டும் என்று கொள்ளலாகாது. அறியாத சொல்லினும் அறிந்த சொல்லே பெரிதும் ஏமாற்றும். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் முன்னே வழிப்போக்கர் இளைப்பாறுதற்பொருட்டுக் கூரையிட்டு அமைத்த வாயில் சங்கடப்படலை எனப்பட்டது. இக்காலத்து இளைஞன் கதையொன்றில் அதனைக் காணின், யாருக்கோ சங்கடம் நேர்ந்ததென்று கொள்ளுதல் கூடும். முல்லை நிலத்துக் கொல்லையைப் புன்செய் என்று கற்றவன், தமிழகத்துக் கதையிலே கொல்லைப்புறத்திற் பாத்திரந் துலக்கும் பெண்ணைத் தினைப்புனத்துக்கு அனுப்பிவிடுகின்றான். ஆதலின் ஊகத்தின் பின்னர் அகராதி வேண்டும். மானிப்பாய் அகராதி 1842ஆம் ஆண்டிலே தோன்றிய நாட்டில் இருந்துகொண்டு அகராதியைப் பழித்தல் தகாது. சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அது நூலகத்திலே தூசி படியக் கிடத்தலும் தகாது. யான் கூறுவது வரிசை முறையையே. முதலிற் கதை, அடுத்து ஊகம், அதன்பின் அகராதி. ஊகித்தவன் அகராதியைத் திறக்கும்போது தன் ஊகம் சரியோ பிழையோ என்று அறியும் ஆவலோடு திறக்கின்றான்.

முன்னர்க் குறித்த ஐயரின் கதைக்கு மீள்வோம். 1915ஆம் ஆண்டில் 'விவேகபோதினி'யில் வெளிவந்த அக்கதையை, பின்னர் நான் கற்பித்தபோது அரும்பதப் பட்டியல் இன்றியே தொடங்கினேன். முதல் வினா ஒன்றே: இக்கதையைச் சொல்வது யார்? அரசமரம் சொல்கின்றது. மரம் என்னென்ன அறியும்? குளத்தங்கரைக்கு வந்தோர் செய்தனவும் பேசினவும் அறியும். என்ன செய்ய இயலாது? நடக்கவோ, ஒருவரை அழைத்து ஒன்று கூறவோ இயலாது. தந்தை செல்வம் இழந்தபின் ருக்மிணியைப் புக்ககத்தார் வெறுத்து, நாகராஜனுக்கு வேறு மணம் பேசுகின்றனர். அவன் உள்ளத்தில் இருந்தது வேறு. பெற்றோரை இறுதியில் ஏமாற்றும் எண்ணத்துடன் அவன் இசைந்தவன் போல நடிக்கின்றான். மரம் அறிந்த அவ்வுண்மையை வாசகரும் அறிவர். ருக்மிணி முழுதும் அறியாள். இவ்விடைவெளியிலேதான் அவள் உயிர் போகின்றது. கதை சொல்வது யார் என்ற வினாவுக்கு விடை கண்ட மாணவன் எவனும் கால் வழுக்கியது என்று எழுதவில்லை. செல்வர் ஒருவர் திடீரென வறியவராதல் எங்ஙனம் என்று கேட்டோருக்கு, 1906ஆம் ஆண்டிலே சென்னையில் ஆர்பத்நட் நிறுவனம் முறிந்து பல குடும்பங்களின் சேமிப்பு அழிந்த வரலாற்றைக் கூறினேன். காலமும் ஒரு சார்பே அன்றோ!

நம் நாட்டு எழுத்தாளர் கதைகளிலிருந்து தொடங்குதல் இளைய வகுப்புகளுக்கு இன்னும் எளிது. இலங்கையர்கோனின் (1915-1961) 'வெள்ளிப் பாதசரம்' வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் சென்ற இளந்தம்பதியரின் கதை. பாதசரம் என்ற சொல்லை அறியாத பிள்ளையும் பாதம் என்பதை அறியும். சரம் என்பதைப் பூச்சரத்தால் அறியும். எஞ்சியதைத் தலைப்பிலுள்ள வெள்ளி கூறிவிடுகின்றது. தொலைந்த அப்பொருளுக்காக இருவரிடையே மனத்தாங்கல் நேர்வதைப் படித்தபின், அணியின் விலை பெரிதா அதனை வாங்கிக் கொடுத்த அன்பு பெரிதா என்று வகுப்பிலே எழும் சச்சரவை அடக்குதல் கடினம், அடக்கவும் வேண்டா.

நேரம் போதாது என்பதே ஆசிரியர் பலரின் தடை. அது நியாயமான தடையே. இருபத்தைந்து சொற்களையும் இவ்வாறு ஆராயப் புகின் ஒரு கதைக்கு ஒரு தவணை வேண்டும். கதையின் போக்கைத் தாங்கி நிற்கும் நான்கைந்து சொற்களை மட்டும் தெரிந்து கொள்ளல் வேண்டும். ஏனையவற்றைப் போகிற போக்கிற் பொருள் கூறிக் கடந்துவிடலாம். அந்த நான்கைந்தையும் மாணவன் தனிக் கொப்பி ஒன்றிலே, கதையில் வந்த வாக்கியத்துடன் எழுதுதல் வேண்டும். முதலில் தன் ஊகம், அடுத்து அகராதிப் பொருள், பின்னர்க் கீழே சிறிது வெற்றிடம். வெற்றிடம் எதற்கு என்று மாணாக்கர் கேட்டனர். அச்சொல்லை மறுபடியும் எங்கேனும் காணும் நாளுக்காக என்றேன்.

கோபமாக என்று பொருள் கூறிய மாணவனின் கொப்பி அடுத்த தவணையில் என் மேசைக்கு வந்தது. 'வாளா' என்ற சொல்லின் கீழ் விட்ட இடத்தில், பழைய நூலொன்றிற் கண்ட வாக்கியத்தை அவன் குறித்திருந்தான். இங்கே பேசாமல் என்பது பொருந்தவில்லை, ஒன்றுஞ் செய்யாமல் என்பதே பொருந்துகிறது என்றும், இரண்டிடத்துக்கும் 'சும்மா' என்ற சொல் பொருந்துகிறது என்றும் பென்சிலால் எழுதி, சரியா என்று ஒரு வினாக்குறி இட்டிருந்தான்.