ஆழம் பார்த்து படகை விடு! - புதுக்கோட்டை கடலோரத்தில் மீன் பிடிக்க எந்த வண்டி சரி?

கனடாவில் இருக்கும் உறவினர்கள் குளிர்காலத்தில் அனுப்பும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். டொரன்டோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி முழுசாக உறைந்து கிடக்கும். அதன்மேல் ஸ்னோமொபைலில் பறந்துபோய், பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி உட்கார்ந்திருப்பார்கள்.

பார்க்க ஜாலியாகத்தான் இருக்கும். ஆனால், வண்டியைக் கிளப்பும் முன் அங்கே எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்... பனிக்கட்டி எத்தனை அங்குலம்? நடந்துபோக குறைந்தது 4 அங்குலம் வேண்டும். ஸ்னோமொபைலுக்கு இன்னும் 2, 3 அங்குலம் கூடுதலாக வேண்டும். கார் ஏற வேண்டுமென்றால் 10 அங்குலத்தைத் தாண்ட வேண்டும். கணக்கு தப்பினால் வண்டியும் ஆளும் தண்ணீருக்குள்தான்.

'நம்ம ஊர்ல ஏது உறைந்த ஏரி' என்கிறீர்களா? ஏரி உறையாது, சரிதான். ஆனால் 'எந்தத் தண்ணிக்கு எந்த வண்டி' என்ற கேள்வி புதுக்கோட்டை மாவட்டக் கடற்கரையிலும் தினமும் கேட்கப்படுகிறது. அங்கே பனிக்கட்டியின் தடிமன் கணக்கு. இங்கே கடலின் ஆழம், கடனின் ஆழம் இரண்டும் கணக்கு!

கண்மாய்க்குக் காலே போதும்

முதலில் கரைக்கு உள்ளே பார்த்துவிடுவோம். புதுக்கோட்டை கண்மாய்களின் மாவட்டம். அறுவடை முடிந்து, கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊர் ஊராக மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும், ஊத்தா, கச்சா, வலையோடு நூற்றுக்கணக்கானவர்கள் இறங்குவார்கள். இடுப்பளவுத் தண்ணீரில் படகுக்கு வேலையில்லை. விரால், கெளுத்தி, கெண்டை என்று கிடைப்பது அன்றைக்கு ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சட்டியிலும் கொதிக்கும்.

அமைதியான கடல், ஆழமில்லாத கடல்

கடலோரத்துக்கு வருவோம். கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என நீளும் இந்தக் கரை பாக் நீரிணையை ஒட்டியது. சென்னையைப்போல ஆளைப் புரட்டும் அலை இங்கே கிடையாது. கடலின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழத்துக்குள்தான். கரையை ஒட்டி சேறும் கடற்புல்லும்.

மரங்களைச் சேர்த்துக் கட்டிய கட்டுமரம் அலையடிக்கும் கரைக்கு ஏற்ற வண்டி. அலை மேலே புரண்டாலும் அது மூழ்காது. அமைதியான பாக் நீரிணையிலோ பலகைகளால் கட்டிய வத்தையும் வல்லமும்தான் நிலைத்தன. பாய் விரித்து ஓடும் வத்தையில் குறுக்கே ஒரு சமன்பலகை இருக்கும். காற்று கூடினால் ஆட்கள் அந்தப் பலகையில் ஏறி உட்கார்ந்து படகைச் சாயாமல் பிடிப்பார்கள். மெட்ராஸ் மாகாண மீன்வளத்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், 1920-ல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப் பற்றி எழுதியபோது இந்தப் பகுதியின் படகுகளையும் பதிவுசெய்திருக்கிறார்.

ஃபைபர் படகு: செலவு குறைவு, எல்லையும் குறைவு

2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கடற்கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. மரத்தைவிட எடை குறைவு, பராமரிப்பும் எளிது. இரண்டு, மூன்று பேர் போதும். நீளத் தண்டு வைத்த இன்ஜின் என்றால், சேற்றுப்பகுதி வந்ததும் புரொப்பல்லரைத் தூக்கிக்கொள்ளலாம். நண்டு வலை, செவுள் வலை போட்டு நண்டு, ஓரா மாதிரியான மீன்களைப் பிடித்துக்கொண்டு சீக்கிரம் கரை திரும்பலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் அந்த நாள்களிலும் தொழிலுக்குப் போகலாம். பெரிய படகுகள் கட்டிக்கிடக்கும் அந்த மாதங்களில் மீனுக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

குறை என்ன? வெகுதூரம் போக முடியாது. காற்று மாறினால் தாங்காது. ஒரு நாளில் கொண்டுவரும் மீனும் குறைவு.

விசைப்படகு: பெரிய வலை, பெரிய ஆபத்து

குளிர்தேசத்துக்கும் நமக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1952-ல் நார்வே, இந்தியா, ஐ.நா சேர்ந்து கேரளாவின் கொல்லம் பகுதியில் ஒரு மீன்வளத் திட்டத்தைத் தொடங்கின. படகுகளுக்கு இன்ஜின் வந்தது. அடுத்த பத்தாண்டுகளில் இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை சூடுபிடிக்க, கடலடியை வாரி வரும் இழுவை மடியும் பரவியது. மண்டபம் வரை அந்தத் திட்டம் வந்தது. இன்று கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்தில் வரிசைகட்டி நிற்கும் விசைப்படகுகள் அந்த அலையின் தொடர்ச்சிதான்.

இந்தப் படகுக்குச் சட்டங்கள் அதிகம். 1983-ம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது. அந்த இடம் நாட்டுப்படகுக்கு. பாக் நீரிணையில் வாரத்தில் மூன்று நாள், அதாவது திங்கள், புதன், சனி மட்டுமே விசைப்படகுகள் கடலுக்குப் போகும். இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் இரட்டைமடிக்கு அனுமதியே இல்லை.

வாரத்தில் மூன்று நாள் மட்டும் ஓடும் வண்டிக்கு டீசல், ஐஸ், ஆள்கூலி, வட்டி எல்லாம் கட்டுப்படியாக வேண்டும். இந்தப் பக்கம் நாட்டுப்படகுக்கான இடம், அந்தப் பக்கம் 1974-ல் போட்ட சர்வதேச எல்லைக்கோடு. நடுவில் இருப்பதோ குறுகலான கடல். பிடிபாடு குறையக் குறைய படகு எல்லையை நோக்கி நகர்கிறது. இலங்கை 2017-லேயே இழுவை மடியைத் தடைசெய்துவிட்டது. எல்லை தாண்டும் படகுகளுக்கு அங்கே விதிக்கப்படும் அபராதம் படகின் நீளத்தைப் பொறுத்தது. நீளமான படகு என்றால் அபராதமும் அதிகம். படகே பறிபோவதும் உண்டு.

உயிரும் போகிறது. 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்திலிருந்து கிளம்பிய படகில் இருந்த நான்கு பேரும், இலங்கைக் கடற்படைக் கலத்துடனான மோதலுக்குப் பின் உயிரோடு திரும்பவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இன்னொரு கோட்டைப்பட்டினம் படகு அதேபோல மூழ்கி, மூவரில் ஒருவர் இறந்தார். 'எந்தப் படகு வாங்கலாம்' என்று ஒரு வீட்டில் பேசும்போது, பணத்தைப் பற்றி மட்டும் பேச முடியாததற்குக் காரணம் இதுதான்.

இழுவை மடிக்கு இன்னொரு விலையும் உண்டு. அது கடற்புல்லைப் பிய்த்துக்கொண்டு வரும். கடற்புல்தான் கடல்பசுவின் உணவு, மீன்குஞ்சுகளின் தொட்டில். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கி.மீ பரப்பை, 2022 செப்டம்பரில் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது தமிழக அரசு. இந்தியாவில் இதுவே முதல் கடல்பசு பாதுகாப்பகம்.

ஆழ்கடல் படகு: 80 லட்ச ரூபாய் கேள்வி

'இழுவைப்படகை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போங்கள்' என்று 2017-ல் ஒரு திட்டம் வந்தது. சூரை பிடிக்கும் தூண்டில் படகு ஒன்றின் விலை 80 லட்சம் ரூபாய். இதில் மத்திய அரசு 50%, மாநில அரசு 20%, வங்கிக் கடன் 20%, மீனவர் பங்கு 10%. அதாவது கையிலிருந்து 8 லட்சம், கடனாக 16 லட்சம். பழைய இழுவைப்படகைக் கைவிட வேண்டும் என்பது நிபந்தனை. 2,000 படகுகள் என்பது இலக்கு. எட்டியது அதில் சிறு பங்குதான்.

ஏன்? இன்று போய் நாளை திரும்பிப் பழகியவர்களுக்கு, நாள்கணக்கில் கடலில் தங்கும் தொழில் புதிது. ஆயிரக்கணக்கான தூண்டில்களைக் கோத்து விடுவது தனி வித்தை. அந்தப் படகு நிற்க ஆழமான துறைமுகம் வேண்டும். சேறும் சகதியுமான பாக் நீரிணைக் கரையில் அதற்கு ஏது வழி? வண்டி நல்ல வண்டிதான்... சாலைதான் வேறு!

கரையிலிருந்து அடுப்படிக்கு

மீன் கரையேறியதும் இன்னொரு வண்டி காத்திருக்கும். பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய டி.வி.எஸ் 50! கடலோரத்திலிருந்து அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமங்களுக்கு மீனைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. கனடாவில் பனிக்கட்டி மேல் வண்டி போகிறது. நம்ம ஊரில் வண்டி மேல் பனிக்கட்டி போகிறது!

படகு வாங்கும் முன் 5 கேள்விகள்

1. எங்கே நிறுத்தப்போகிறீர்கள்? தண்ணீர் வற்றும் நேரத்திலும் படகு கரைசேருமா என்று பாருங்கள்.

2. எத்தனை நாள் ஓடும்? 61 நாள் தடை, வாரம் மூன்று நாள் கட்டுப்பாடு எல்லாம் கழித்து, கடன் தவணையைக் கணக்கிடுங்கள்.

3. டீசல் எவ்வளவு? வரி விலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர், இன்ஜின் பொருத்திய நாட்டுப்படகுக்கு 4,000 லிட்டர் என்று இருந்தது. இவற்றை 19,000, 4,400 என உயர்த்துவதாக 2023-ல் அறிவிப்பு வந்தது. அதற்கு மேல் ஆகும் செலவு உங்கள் கையிலிருந்துதான்.

4. பதிவு சரியா? பழைய படகு என்றால் பதிவெண்ணைப் பாருங்கள். அதில் 'எம்.எம்' என்றிருந்தால் விசைப்படகு, 'எம்.ஓ' என்றால் இன்ஜின் பொருத்திய நாட்டுப்படகு. பெயர் மாற்றாமல் பணம் கொடுக்காதீர்கள். மானியம் வேண்டுமென்றால், வாங்குவதற்கு முன்பே மீன்வளத்துறை அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வளத் திட்டத்தில் பொதுப்பிரிவுக்கு 40%, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60% வரை மானியம் உண்டு.

5. காப்பீடு இருக்கிறதா? 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது, கரையில் பத்திரமாகக் கட்டிவைத்த படகுகளும் நொறுங்கின. காப்பீடும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் படகு விலையிலேயே சேர்த்து எண்ண வேண்டிய செலவு.

இந்த ஐந்துக்கும் பதில் எழுதி, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். கடலுக்குப் போவது ஒருவராக இருக்கலாம். தவணை கட்டுவதும், வாசலில் காத்திருப்பதும் மொத்தக் குடும்பம்தானே!