முதுமைக் காப்பும் சட்டத்தின் காவலும்

உடல் தளர்ந்த காலத்தில் பராமரிப்புச் செலவைத் தருவதாக வாக்களித்து, இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே பிரீமியம் வாங்கத் தொடங்கும் இன்ஷூரன்ஸ் அமெரிக்காவில் உண்டு. வாக்குறுதி பலிக்கவேண்டிய நாளில் வாங்கியவருக்கு நியாயஸ்தலம் ஏறும் வலிமை இராது. சிலருக்குப் பாலிஸியின் ஞாபகமே இராது. ஆகையால் இவ்வியாபாரத்துக்குக் கடுமையான காவல் அவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

அந்நாட்டு முதியோருக்குரிய மெடிகேர் திட்டம் நீண்டகாலப் பராமரிப்புச் செலவை ஏற்பதில்லை. ஆதலால் ஜனங்கள் கம்பெனிகளை நாடுகின்றனர். 1996-ஆம் வருஷத்துச் சட்டப்படி வரிச்சலுகை பெறும் பாலிஸிகளில், குளித்தல், உடுத்தல், உண்ணுதல் முதலிய ஆறு நித்திய காரியங்களில் இரண்டையேனும் பிறர் உதவியின்றிச் செய்ய இயலாதவரும், புத்தி மிகவும் தடுமாறியவரும் உதவித்தொகைக்கு உரியவராவர்.

இன்ஷூரன்ஸ் கமிஷனர்கள் சங்கம் வகுத்த மாதிரிச் சட்டத்தைப் பல மாகாணங்கள் தழுவியுள்ளன. பாலிஸி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை முழுதும் பெறலாம். வயதையோ நோயையோ காரணங்காட்டிக் கம்பெனி அதை ரத்து செய்யலாகாது. தவணை தவறினால் எச்சரிக்கப்படவேண்டிய மற்றொருவரின் பெயரையும் பதிவு செய்யலாம். புத்தித் தடுமாற்றத்தால் தவணை தவறியதென்று ருசுவானால், ஐந்து மாதங்களுக்குள் பாக்கியைச் செலுத்திப் பாலிஸியை உயிர்ப்பிக்கலாம். இவை மெச்சத்தக்க ஷரத்துகளே.

ஆயினும் பெருங்குறை ஒன்றுண்டு. தனி ஒருவருக்குப் பிரீமியத்தை உயர்த்த இயலாத கம்பெனி, மாகாண அதிகாரியின் சம்மதத்துடன் ஒரு வகுப்பார் அனைவருக்கும் உயர்த்தலாம். பலர் நடுவில் விலகிவிடுவர், வட்டி மிகுதியாய் வரும் என்று கம்பெனிகள் முற்காலத்தில் போட்ட கணக்குப் பொய்த்தது. அதன் சுமை முதியோர் தலையில் ஏறிற்று. 2017-இல் பென்சில்வேனியாவின் பென் டிரீட்டி கம்பெனியைக் கலைத்துவிடக் கோர்ட்டு உத்தரவிட்டது. அதன் பாலிஸிதாரர்களுக்கு மாகாண உத்தரவாதச் சங்கங்கள் கைகொடுத்தன. அவ்வுதவிக்கும் உச்சவரம்பு உண்டு.

பிரீமியம் குறித்த அளவுக்குமேல் உயர்ந்ததால் விலகுவோருக்கு, கட்டிய தொகையளவுக்கேனும் பிற்காலத்தில் பராமரிப்புச் செலவு கிடைக்க மாதிரி விதிகள் வழிசெய்கின்றன. வேறு காரணத்தால் விலகுவோர் அவ்வுரிமையைத் தனி விலை கொடுத்தே பெறவேண்டும். இது நியாயமா? வருஷக்கணக்காய்க் கட்டிய பணம் ஒரு தவணை தவறியதும் வீணாகலாகாது. இவ்வுரிமை ஒவ்வொரு பாலிஸியிலும் கட்டாய அம்சமாக வேண்டும். முதியோர் பராமரிப்புக்கு இன்ஷூரன்ஸை நம்பும் எந்தத் தேசமும் இந்த ஷரத்தையே முதலில் எழுதுக என்று வற்புறுத்துகிறோம்.