மலைக்குப் பெயர் தந்த சேர்வராயர்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு செல்லும் குடும்பத்தினர், ஏரியில் படகேறி, லேடீஸ் சீட் பாறை முனையில் நின்று சேலம் நகரைக் கண்டு களித்து, மாலையே இறங்கிவிடுகின்றனர். அம்மலைத் தொடருக்கே பெயர் தந்த சேர்வராயரைத் தரிசிக்காமல் திரும்புவோர் பலர்.

சுமார் 5,300 அடி உயரத்தில், மலையுச்சியில் ஒரு குறுகலான குகையே அவரது சந்நிதி. உடன் காவேரி அம்மனும் எழுந்தருளியிருக்கிறாள். குனிந்துதான் உட்செல்ல வேண்டும். பதவியும் செல்வமும் பெற்றவர்க்கும் அதில் விலக்கில்லை.

தலைமுறை தலைமுறையாக இவரைக் குலதெய்வமாகப் போற்றுபவர்கள் மலைவாழ் மக்களாகிய மலையாளிகள். இவர்கள் கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுபவர்கள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாக வழிவழியாகக் கூறுகின்றனர். ஆண்டுதோறும் மே மாதத் திருவிழாவில் ஊர் ஊராக இங்கே திரள்கின்றனர்.

அண்மையில் பேரக்குழந்தைகளுடன் சென்றிருந்தோம். முழங்கால் வலியால் என் மனைவி தயங்கினாள். பேத்தி கைப்பிடித்து மெல்ல உள்ளே அழைத்துச் சென்றாள். நாம் கைப்பிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்ற பிள்ளைகள், இன்று நம்மை அழைத்துச் செல்கின்றனர்.

கோயில் அருகு வரை வாகனம் செல்லும். கம்பளியும் ஊன்றுகோலும் அவசியம். நடக்க இயலும்போதே, இளையோரை உடனழைத்துச் சென்று தரிசித்து வாருங்கள்.