மாஹுல் சேற்றில் பூநாரை

மார்கழி, தை வந்தால் மும்பை செம்பூரை அடுத்த மாஹுல் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். எண்ணெய் ஆலைப் புகைபோக்கிகளுக்குக் கீழே, கால் புதையும் சேற்றில், கூட்டங்கூட்டமாகப் பூநாரைகள் நிற்கும். நம் கோடியக்கரைப் பூநாரைக்குச் சொந்தம்தான். இங்கே வருபவற்றில் பல, குஜராத்தின் கட்ச் உப்பளப் பகுதியிலிருந்து வருபவை.

மேய்வதைப் பார்க்க வேண்டும்! தலையைக் கவிழ்த்து, அலகை நீரில் தலைகீழாக வைத்து, நாக்கால் தண்ணீரை இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்து மெல்லிய தகடுகளில் பாசி தங்கிவிடும். சிறகின் சிவப்பே அந்தப் பாசி கொடுத்த நிறம். குஞ்சு வெறும் சாம்பல் நிறம்தான்.

அருகிலுள்ள தாணே ஓடையின் ஒரு பகுதி 2015இல் இவற்றின் சரணாலயமானது. 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் ஏறியது. ஆனால் வானத்துக்கு ஏது வேலி? 2024 மே 20 இரவு, தரையிறங்க வந்த விமானத்தில் மோதி, காட்கோபரில் 39 பறவைகள் செத்து விழுந்தன.

மாட்டுங்காக்காரர்கள் கிங்ஸ் சர்க்கிளில் ரயில் ஏறினால், வடாலாவுக்கு அடுத்தது சிவ்ரி, அங்கேயும் பார்க்கலாம். கடல் முழுக்க வற்றிய நேரத்தில் போனால் தூரத்துப் புள்ளிகள்தான். நீர் ஏறும் நேரம் பார்த்துப் புறப்படுங்கள்.