நாயைப் பார்க்க ஆளில்லை என்று கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள்

மூன்றாவது கீமோவுக்கு வரவேண்டிய அம்மா பதினொரு நாள் கழித்து வந்தார். ஏன் என்று கேட்டேன். "மணிக்குப் பின்னங்கால் விழுந்துபோச்சு டாக்டரம்மா. விட்டுட்டு வர மனசு வரலை" என்றார். வ. புதுப்பட்டியில் தோட்டத்து வீடு. மகன் திருப்பூரில். மணி பதிமூன்று வயது ராஜபாளையம் நாய்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்புப் பக்கம் இருந்து மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் பெண்களிடம் இதே பேச்சை அடிக்கடி கேட்கிறேன். 2005-ல் அஞ்சல் தலையில் இடம்பிடித்தது ராஜபாளையம் நாய். அது பிறந்த மண்ணில் வீட்டு ஆள்களில் ஒன்று. அதை விட்டுவிடச் சொல்லி நான் எழுதவில்லை. நாய்க்காகச் சிகிச்சையை விடுவதும், சிகிச்சைக்காக நாயைக் கொண்டுபோய் ரோட்டில் விடுவதும் இரண்டுமே தேவையில்லை.

வீட்டிலும் தெருவிலும் சொல்லும் கதைகள்

"நாய் முடி மூச்சில் போய்த்தான் மாரில் கட்டி வந்தது." இல்லை. நாய் முடிக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பே கிடையாது. கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு வயதான காலத்தில் மடியில் கட்டி வருவதுண்டு. அது உங்களுக்கு ஒட்டாது, உங்களுடையது அதற்கும் ஒட்டாது. ஒரே தட்டில் சாப்பிடும் பேரப்பிள்ளைக்கும் ஒட்டாது.

"கரண்ட் வைத்த உடம்பு, நாய் பக்கத்தில் படுத்தால் அதற்கு ஆகாது." மார்பகத்துக்கு வெளியிலிருந்து கொடுக்கும் கதிர், இயந்திரம் நின்றதும் நின்றுவிடும். உடம்பில் தங்காது. எலும்பு ஸ்கேனுக்கோ பெட் ஸ்கேனுக்கோ ஊசி போட்ட அன்று மட்டும் சில மணி நேரம் தள்ளியிருங்கள். கரண்ட் வைத்துச் சிவந்த தோலை நாய் நக்க விடக் கூடாது. அதற்குக் காரணம் கதிர் இல்லை, அதன் வாயிலுள்ள கிருமி.

"ஊசி குத்திப் பார்த்தால் பரவிவிடும், கத்தி பட்டால் முடிந்தது." எனக்குப் பொறுமை போகும் இடம் இதுதான். இதை நம்பி எருக்கம்பாலைப் பற்றுப் போட்டு, தோல் வெந்து, புண்ணாகி, நாற்றம் எடுத்த பிறகு வருகிறார்கள். சுண்டைக்காய் அளவில் வந்திருந்தால் மார்பையே எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். வலியில்லாத கட்டியை "நீர்க்கட்டிதான்" என்று கைவைத்துப் பார்த்தே சொல்லிவிடும் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அன்புதான் அதிகம். அந்த அன்பில் ஆறு மாதம் போய்விடுகிறது.

"பப்பாளி இலைச்சாறு குடித்தால் கவுன்ட் ஏறும்." கீமோவில் குறையும் வெள்ளை அணுவை ஏற்ற மருத்துவமனையில் தனி ஊசி இருக்கிறது. சாற்றைக் குடித்துவிட்டுக் காய்ச்சலோடு படுத்திருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் என்றால் அன்றைக்கே

கீமோ போட்ட 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளை அணு மிகவும் இறங்கும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் தொட்டால் நள்ளிரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்கிப் போட்டுப் படுக்காதீர்கள்! காய்ச்சல் தணியும், கிருமி உள்ளே ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

வயதான நாயோடு இருக்கும்போது

ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேளாதவை உண்டு. மற்றவற்றுக்கும் வயதானால் மந்தமாகும். தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடித்துவிடும், பாவம், அதன் குற்றமில்லை. தரையைத் தட்டி எழுப்புங்கள். பல்லோ நகமோ பட்டால் சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு வெறிநோய்த் தடுப்பூசிக்கு வாருங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம். கீமோவில் இருப்பதை ஊசி போடுமிடத்தில் சொல்லுங்கள். உங்களுக்குத் தடுப்பூசி முறையே வேறு.

அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பக்கத்துக் கையில் சங்கிலியைப் பிடிக்காதீர்கள். 20 கிலோவுக்கு மேலிருக்கும் நாயைத் தூக்கவும் வேண்டாம். வயிற்றுக்கடியில் பழைய துண்டைக் கொடுத்து இன்னொருவர் எழுப்பட்டும். அந்தக் கையில் விழும் சின்னக் கீறல்கூடக் கை வீங்க வழியாகும். உண்ணியை நகத்தால் நசுக்குவதை விட்டுவிடுங்கள். இருந்த இடத்திலேயே மூத்திரம் போகும் நாயின் சாக்கை வேறொருவர் மாற்ற வேண்டும். ஆளே இல்லையென்றால் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பச்சைக் கோழிக்கழிவு போடும் வழக்கத்தைச் சிகிச்சை நடக்கும் இந்த ஆறு மாதமாவது நிறுத்துங்கள், வேகவைத்துப் போடலாம்.

நாயையும் காப்பாற்ற வேண்டும். கீமோ போட்ட இரண்டு நாளைக்கு வாந்தி எடுத்த வாளியை அது நக்க விடாதீர்கள். கேப்பசிட்டபின் என்ற கீமோ மாத்திரை கீழே விழுந்து அது விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூட்டு வலிக்கு நீங்கள் போடும் புரூஃபன் மாத்திரையை அதற்கும் பாதி உடைத்துக் கொடுக்கிறீர்களே, அது குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசியும் போடுங்கள்.

பரிசோதனை

ஒவ்வொரு கீமோவுக்கும் முன் ரத்த அணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

தாய்மாரே, குளிக்கும்போது கையில் கட்டி தட்டினால் அறுப்பு முடியட்டும், திருவிழா முடியட்டும் என்று இருக்காதீர்கள். செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆத்திர அவசரத்துக்கு எங்களிடம் சொன்னால் ஓரிரு நாள் தேதியை யோசித்து மாற்றித் தருவோம், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். வீட்டில் நாய் இருக்கிறது, அதற்கு வயதாகிவிட்டது என்பதை முதல் நாளே சொல்லுங்கள், நாங்கள் சிரிக்க மாட்டோம்.

அந்த அம்மாவிடம் எதிர்வீட்டுப் பையனைப் பேசிவைக்கச் சொன்னேன். நான்காவது கீமோவுக்குச் சரியான நாளில் வந்தார். நீங்களும் காலண்டரில் கீமோ தேதியைக் குறிக்கும்போது, அன்று மணிக்குச் சோறு வைக்கப்போவது யார் என்று பக்கத்திலேயே பெயரை எழுதி வையுங்கள்.