வயிறு சொல்வதும் குடல் காட்டுவதும்

பேதி நின்றுவிட்டது, வலி இல்லை, பசி எடுக்கிறது, ராத்திரியில் எழுந்து ஓடாமல் தூங்க முடிகிறது. இவ்வளவும் சரியானால் நோய் போய்விட்டது என்றுதான் யாரும் எண்ணுவார்கள். சாதாரண வயிற்றுக் கோளாறுகளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்பாது. நாட்பட்ட குடல் அழற்சி நோய்களிலோ அடிக்கடி தப்புகிறது. கடந்த எழுபது ஆண்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. இந்த நோய்களைக் கண்டுபிடிப்பதானாலும் சரி, மருந்தைக் கூட்டுவது குறைப்பது ஆனாலும் சரி, நோயாளி உணர்வதை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது; குடலின் உள்சவ்வு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். இதை ஏற்க நோயாளிக்கும் தயக்கம் உண்டு, சில மருத்துவர்களுக்கும் உண்டு. அந்தத் தயக்கத்தில் நியாயமும் இருக்கிறது.

இந்த வகையில் முக்கியமான நோய்கள் இரண்டு. ஒன்று அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்னும் பெருங்குடல் புண் நோய். மலக்குடலில் தொடங்கி மேல்நோக்கிப் பரவும், பெருங்குடலைத் தாண்டாது, புண் பெரும்பாலும் உள்சவ்வோடு நின்றுவிடும். மலத்தோடு ரத்தமும் சளியும் போகும். போய்விட்டு வந்த ஐந்தாவது நிமிடம் மறுபடி போகவேண்டும் போலிருக்கும். மற்றது க்ரோன் நோய். வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அதிகம். இது குடல் சுவரை முழுத் தடிமனுக்கும் அரிப்பதால் நாளாவட்டத்தில் குடல் சுருங்கி அடைத்துக்கொள்ளும், ஆசனவாய் அருகே பவுத்திரம் வரும். இரண்டிலும் உடம்பின் நோய் எதிர்ப்பு ஏற்பாடே குடலுக்கு எதிராகத் திரும்பி, அடங்காமல் எரிந்துகொண்டிருக்கிறது. காரமாகச் சாப்பிட்டதால் வந்த நோய் அல்ல. மேல்நாட்டு நோய் என்று ஒதுக்கவும் முடியாது. பஞ்சாபில் நடந்து 2003-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பில், லட்சம் பேரில் சுமார் 44 பேருக்குப் பெருங்குடல் புண் நோய் இருந்தது.

உள்ளே பார்க்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கான முதல் விடை ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது. அங்கே சிட்னி ட்ரூலவும் லெஸ்லி விட்ஸும் பெருங்குடல் புண் நோயாளிகள் 210 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு கார்டிசோன் ஸ்டீராய்டும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் கொடுத்தார்கள். 1955-இல் வெளியான முடிவு: மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 41 பேருக்கு நோய் அடங்கியது, மற்றவர்களில் 16 பேருக்கு. குடல் நோய் ஆராய்ச்சியில் இதை ஒரு மைல்கல் என்று கொண்டாடுவது வழக்கம். அதற்கு அடுத்த ஆண்டே ட்ரூலவ், ரிச்சர்ட்ஸ் என்பவருடன் சேர்ந்து செய்த வேலையைத்தான் நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். அவர்கள் மலக்குடலிலிருந்து சிறு துணுக்குகளைக் கிள்ளியெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார்கள். தொந்தரவே இல்லை என்றவர்களிடமும், குழாய் விட்டுப் பார்த்தபோது சவ்வு நல்லபடியாகத் தெரிந்தவர்களிடமும் கூட, கணிசமானோருக்கு அழற்சி அப்படியே இருந்தது. நெருப்பு அணையவில்லை, நீறு பூத்திருந்தது. அந்த நீறு பூத்த நெருப்பு பொருட்படுத்த வேண்டியதுதானா என்பதற்கு 1991-இல் ஒரு பிரிட்டிஷ் ஆய்வு பதில் சொன்னது. நோய் அடங்கியதாகக் கருதப்பட்ட 82 பேரை ஓராண்டு கவனித்தார்கள். பயாப்ஸி துணுக்கில் தீவிர அழற்சிக்குரிய வெள்ளையணுக்கள் இருந்தவர்களில் 52 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. இல்லாதவர்களில் 25 சதவீதம்.

க்ரோன் நோயில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. தொந்தரவுகளை மதிப்பெண் போட்டுப் பார்த்தால் குணமானவர்கள் என்று வரும் நோயாளிகளில் பாதிப் பேருக்கு, கொலனோஸ்கோப்பியிலோ ரத்தப் பரிசோதனையிலோ நோய் மிச்சமிருப்பது தெரிந்தது. 2017-இல் வெளியான 'காம்' என்ற ஆய்வு இதைச் சோதித்த விதம் நேர்த்தியானது. 244 பேர், இரண்டு பிரிவுக்கும் அடிப்படையில் ஒரே மருந்து, அடாலிமுமாப் ஊசி. எதை வைத்து மருந்தைக் கூட்டுவது என்பதில் மட்டும்தான் வேறுபாடு. ஒரு பிரிவில் நோயாளியின் தொந்தரவைப் பார்த்துக் கூட்டினார்கள். மற்றதில் தொந்தரவு இல்லாவிட்டாலும் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., மலத்தில் கால்ப்ரொடெக்டின் அளவு உயர்ந்திருந்தால் கூட்டினார்கள். 48 வாரம் கழித்து முதல் பிரிவில் 30 சதவீதம் பேருக்கும் இரண்டாவதில் 46 சதவீதம் பேருக்கும் புண் ஆறியிருந்தது. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்காமல், இருக்கிற மருந்தை எப்போது கூட்டுவது என்ற முடிவை மாற்றியதாலேயே கிடைத்த பலன் இது.

கால்ப்ரொடெக்டின் என்ற பெயர் இன்னும் நம் ஊரில் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைபோல் பழகவில்லை. பழக வேண்டிய பெயர். நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களுக்குள் நிறைந்திருக்கும் புரதம் அது. குடல் சவ்வில் அழற்சி இருந்தால் இந்த அணுக்கள் அங்கே குவிந்து, சவ்வைத் தாண்டிக் குடலுக்குள் விழுந்து, மலத்தோடு வெளியேறும். குடல் கிருமிகள் இந்தப் புரதத்தை எளிதில் சிதைப்பதில்லை. அதனால் சின்ன டப்பாவில் கொஞ்சம் மலத்தை எடுத்துக்கொடுத்தால் ஆய்வகம் அளந்து சொல்லிவிடும். ஒரு கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குடலில் அழற்சி இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. 250-ஐத் தாண்டினால் உள்ளே பார்த்தே தீரவேண்டும். வயிறு உப்புசம், வலி, பேதி என்று மாதக்கணக்கில் அலைபவர்களில் மிகப் பலருக்கு இருப்பது புண் எதுவுமில்லாத குடல் எரிச்சல் நோய்தான். அவர்களையும் அழற்சி உள்ளவர்களையும் பிரித்தறிய இதைப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனின் 'நைஸ்' அமைப்பு 2013-இலேயே பரிந்துரைத்தது. இதற்கும் எல்லை உண்டு. கிருமித் தொற்றிலும் இந்த அளவு உயரும்; மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரை தினமும் போடுகிறவர்களிடமும் உயரும். ஆக, இது அழற்சி இருப்பதைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. மலத்தில் ரத்தமே போகிறது என்றால் இந்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மூலம்தான் என்று தானாகவே முடிவு கட்டிக் களிம்பு வாங்கிப் போடவும் வேண்டாம்.

இங்கேதான் அந்த நியாயமான ஆட்சேபம் எழுகிறது. வைத்தியம் ஆளுக்கா, அறிக்கைக்கா? நன்றாக இருக்கிறேன் என்பவரைக் கூப்பிட்டு உன் எண் சரியில்லை என்று மருந்தைக் கூட்டுவது என்ன முறை? இதற்கு நான் சொல்லும் பதில் மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறது. சவ்வு முழுக்க ஆறிய பிறகும் வலியும் பேதியும் தொடர்கிறவர்கள் ஏராளம். தொந்தரவை மட்டும் பார்த்தால் அவர்களுக்கு மீண்டும் மீண்டும் ஸ்டீராய்டுதான் கிடைக்கும். முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். இல்லாத அழற்சிக்காக இத்தனையையும் தாங்க வேண்டும். உள்ளே பார்க்கும் பழக்கம் அவர்களை வீண் மருந்திலிருந்து காப்பாற்றுகிறது. அதற்காக மைக்ரோஸ்கோப்பில் கடைசி அணு மறையும்வரை மருந்தை ஏற்றிக்கொண்டே போகச் சொல்லவில்லை. 2021-இல் உலக நிபுணர் குழு வகுத்த இலக்குகளில் கொலனோஸ்கோப்பியில் தெரியும் புண் ஆறுவது இடம்பெற்றது. மைக்ரோஸ்கோப் அளவிலான குணம் கட்டாய இலக்காக வைக்கப்படவில்லை. நோயாளியின் அன்றாட வாழ்க்கை திரும்புவதும் அதே பட்டியலில் இலக்காக இருக்கிறது. சரியான நிதானம் என்று எனக்குப் படுகிறது.

செலவும் ஆபத்தும் இன்னொரு ஆட்சேபம். உயிரியல் ஊசிகள் நடுத்தரக் குடும்பத்தை உலுக்கும் விலை கொண்டவை. 2014-இல் அடாலிமுமாபின் ஒத்த மருந்து இந்தியாவிலேயே விற்பனைக்கு வந்த பிறகு விலை இறங்கியது, இன்னும் இறங்கவேண்டும். ஆபத்து என்றால் நம் நாட்டில் முதலில் நிற்பது காசநோய். இந்த உயிரியல் ஊசிகளில் ஒன்றான இன்ஃபிளிக்ஸிமாப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001-இல் ஓர் ஆய்வு தொகுத்து எச்சரித்தது. உடம்பில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை அடக்கி வைத்திருக்கும் அதே எதிர்ப்புச் சக்தியைத்தான் இந்த மருந்து தளர்த்துகிறது. எனவே நெஞ்சு எக்ஸ்ரேயும், டிபி கிருமி உறங்குகிறதா என்று பார்க்கும் தோல் அல்லது ரத்தப் பரிசோதனையும் இல்லாமல் இந்த ஊசியைத் தொடங்கக் கூடாது.

காசநோய் நமக்கு இன்னொரு சிக்கலையும் வைத்திருக்கிறது. 1913-இலேயே கிளாஸ்கோவின் டால்ஸீல் என்ற அறுவை நிபுணர், குடல் காசநோய்போலவே தெரிந்தும் கிருமி கிடைக்காத நோயாளிகளைப் பற்றி எழுதினார். பின்னாளில் க்ரோன் பெயர் பெற்ற நோய்தான் அது. நூறாண்டு கழித்தும் அந்தக் குழப்பம் நம் மருத்துவமனைகளில் தீரவில்லை. இரண்டும் சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தையே பெரிதும் தாக்கும். இரண்டிலும் காய்ச்சல், எடைக்குறைவு, வலி. காசநோய்ப் புண் குடலுக்குக் குறுக்காக வளையம்போல் ஓடும், க்ரோன் புண் நீளவாக்கில் ஓடும் என்பது பொதுவான அடையாளம். எல்லோரிடமும் அப்படி அமைவதில்லை. பயாப்ஸியில் காசநோய்க் கட்டிகள் பெரிதாக, ஒன்றோடொன்று சேர்ந்து, நடுவில் அழுகிக் காணப்படும் என்ற வேறுபாட்டைத் துலக்கியதில் வேலூர் சி.எம்.சி. ஆய்வாளர்களுக்குப் பெரும் பங்குண்டு. துணுக்கில் அதுவும் தெளிவாக விழாதபோது, காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்பது இந்திய வழக்கம். பொறி இங்கேதான் இருக்கிறது. க்ரோன் நோயாளிகளிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் அந்த மருந்தில் தெம்பு வந்ததாகச் சொல்கிறார்கள் என்று டெல்லி எய்ம்ஸ் ஆய்வு காட்டியது. அவர்களுடைய புண்ணோ ஆறுவதே அபூர்வம். காசநோய்ப் புண் ஏறக்குறைய எல்லோருக்கும் ஆறிவிடுகிறது. தேவலை என்ற சொல்லை நம்பி ஆறு மாத மருந்தை முடித்த க்ரோன் நோயாளிக்கு, அந்த ஆறு மாதத்தில் குடல் சுருங்கிக்கொண்டிருக்கும்.

அந்த ஆறு மாதத்தின் விலை என்ன என்பதற்கு 2024-இல் பிரிட்டனில் வெளியான 'ப்ரொஃபைல்' ஆய்வு ஓர் அளவு தருகிறது. புதிதாக க்ரோன் நோய் கண்டறியப்பட்ட 386 பேர். பாதிப் பேருக்கு முதலிலிருந்தே இன்ஃபிளிக்ஸிமாபும் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மாத்திரையும். மற்றவர்களுக்கு நோய் திரும்பத் திரும்ப ஒவ்வொரு படியாக மருந்து. யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு ரத்தப் பரிசோதனையைச் சோதிப்பதுதான் ஆய்வின் மூல நோக்கம். அந்தப் பரிசோதனை பயன்படவில்லை. ஆனால் 48 வாரத்தில் முதல் பிரிவில் 79 சதவீதம் பேர் ஸ்டீராய்டும் அறுவையும் இல்லாமல் நோய் அடங்கி இருந்தார்கள். படிப்படியாகப் போன பிரிவில் 15 சதவீதம். வயிற்று அறுவை முதல் பிரிவில் ஒருவருக்கு, மற்றதில் பத்துப் பேருக்கு. பலமான மருந்து பெற்றவர்களிடம் கடுமையான தொற்று அதிகமாகவும் இல்லை. நோய் தெரிந்த நாளிலிருந்து இவர்கள் ஆய்வில் சேர்ந்த நாள் வரை சராசரி இடைவெளி 12 நாள். காசநோய் அதிகமுள்ள நாட்டில் 12 நாள் கைகூடாது என்பது உண்மைதான். ஆனால் காசநோய் மருந்தில் தொடங்கியவருக்கு ஆறாவது மாதம்வரை பொறுக்காமல், இரண்டாவது மாத முடிவிலேயே மறுபடி கொலனோஸ்கோப்பி செய்து புண் ஆறத் தொடங்கியதா என்று பார்க்க முடியும். 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இன்னொரு தடவை?' என்று நோயாளி கேட்பது அந்த இரண்டாவது மாதத்தில்தான்.