அரவமில்லாத விசிறி

இரவு பத்து மணிக்கு மேல் தெருவில் வண்டிகளின் நடமாட்டம் குறைந்து, அடுத்த வீட்டுத் தொலைக்காட்சியும் ஓய்ந்த பிறகு, மேஜைக் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து எழுதவோ கணக்குப் பார்க்கவோ முற்படுகிறவர்களுக்கு, பகல் முழுவதும் காதில் விழாத ஓர் இரைச்சல் அப்போதுதான் புலப்படும். பெட்டிக்குள்ளே பிராசஸரின் தலைமேல் சுழலும் சிறிய விசிறியின் சப்தம் அது. கம்ப்யூட்டர் என்றால் அப்படித்தான் இரையும் என்று சகித்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள் பலர். அந்தச் சகிப்பு அவசியமில்லை. விஷயம் தெரிந்து பொருளைத் தேர்ந்தெடுத்தால் அந்த இரைச்சலை அநேகமாக இல்லாமலே செய்துவிடலாம்.

பிராசஸர் எத்தனை நுட்பமான கணக்கைப் போட்டாலும், அது விழுங்கும் மின்சாரம் கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளியேறியாக வேண்டும். எரியும் 60 வாட் குண்டு பல்பை விரலால் தொட முடியாது என்பது எல்லோரும் அறிந்ததே. மும்முரமாக வேலை செய்யும் பிராசஸரோ 65 வாட் முதல் 200 வாட்டுக்கு மேலும் செலவிடுகிறது. அத்தனை உஷ்ணமும் ஏறக்குறைய கட்டைவிரல் நகத்தளவுள்ள ஒரு சிலிக்கான் சில்லில் பிறக்கிறது. அதை உடனுக்குடன் அகற்றாவிட்டால், 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் கம்ப்யூட்டரே அணைந்துவிடும்.

அகற்றும் பொறுப்பை ஏற்பது ஹீட்சிங்க் என்னும் உலோக அமைப்பு. பிராசஸரோடு ஒட்டியிருக்கும் செம்பு அடித்தட்டு, அதிலிருந்து மேலேறும் செம்புக் குழாய்கள், அக்குழாய்களில் அடுக்கடுக்காகக் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள் என்று அதற்கு மூன்று அங்கங்கள். குழாய்களின் சூட்சுமம் மிக ரசமானது. காற்றை நீக்கி அடைத்த குழாய்க்குள் சிறிதளவு தண்ணீர் இருக்கிறது. அழுத்தம் குறைவாதலால் அது 100 டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகி, உஷ்ணத்தைச் சுமந்து மேலே ஓடி, குளிர்ந்த தகடுகளின் அருகில் மீண்டும் நீராகி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல உட்சுவரின் நுண்துளைகள் வழியே புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகிறது. 1963-ல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் செய்து காட்டிய இந்த உபாயம், விண்கலங்களில் பயன்பட்டு, இன்று நம் மேஜையடிக்கும் வந்திருக்கிறது.

சப்தத்தின் மூலகாரணம் விசிறியின் வேகம். வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் ஏறக்குறைய பாதியாகிறது. சப்தமோ சுமார் 15 டெசிபல் இறங்கிவிடுகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதி சப்தமாகத் தோன்றும் என்பதால், இழக்கும் காற்றைவிடக் கிடைக்கும் அமைதி அதிகம். ஆகவே தகடுகளின் பரப்பை விஸ்தாரமாக்கி, அகலமான விசிறியை மெல்லச் சுழலவிடுவதே நிசப்தத்துக்கு ராஜபாட்டை.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த நாக்டுவா நிறுவனம் 2014-ல் வெளியிட்ட என்ஹெச்-டி15 இந்தத் தத்துவத்துக்கு நல்ல உதாரணம். ஆறு குழாய்கள், இரண்டு தகட்டுக் கோபுரங்கள், 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டு. உயரம் 165 மில்லிமீட்டர். எடை 1320 கிராம். நிமிஷத்துக்கு 1500 சுற்று என்னும் உச்ச வேகத்திலும் விசிறியின் சப்தம் 24.6 டெசிபல்தான் என்பது தயாரித்தவர்களின் கணக்கு. உடன் தரும் சிறு கம்பியை இணைத்து வேகத்தை 1200 சுற்றுக்கு இறக்கினால் 19.2. நாக்டுவா என்னும் லத்தீன் சொல்லுக்கு ஆந்தை என்று பொருள். சிறகோசை கேளாமல் பறக்கும் பறவையின் பெயர் இந்தச் சாதனத்துக்குப் பொருத்தமானதே.

ஆனால் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட டெசிபலை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பது போதாது. உஷ்ணத்தையும் சப்தத்தையும் சேர்த்தே நிறுக்க வேண்டும். பிராசஸருக்கு முழு வேலை கொடுத்து, அரைமணி நேரம் விட்டு, அதன் உஷ்ணத்திலிருந்து அறையின் உஷ்ணத்தைக் கழியுங்கள். மார்கழியில் 26 டிகிரி அறையில் 70 காட்டினால் வித்தியாசம் 44. அதே சாதனம் சித்திரையில் 36 டிகிரி அறையில் 80 காட்டும். சாதனம் கெடவில்லை; அறைதான் சுடுகிறது. ஒரே பிராசஸரில், ஒரே அளவு சப்தத்தில், இந்த வித்தியாசம் எதற்குக் குறைவோ அதுவே மேலான ஹீட்சிங்க்.

அடுத்தது சப்தத்தின் குணம். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, எப்போதும் உட்காரும் இடத்திலிருந்தே செவிகொடுத்துக் கேளுங்கள். காற்று வீசுவது போன்ற சீரான ஓசை சிறிது நேரத்தில் மனத்திலிருந்து மறைந்துவிடும். பேரிங்கின் ‘டிக் டிக்’ என்னும் ஒலியும், மோட்டாரின் ரீங்காரமும், திருகு தளர்ந்த கேபினெட் தகட்டின் அதிர்வும் அளவில் சிறியனவானாலும் கவனத்தை அரித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு புரோகிராமைத் திறக்கும்போதும் விசிறி சீறி எழுந்து அடங்கினால், கம்ப்யூட்டரின் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்பில் வேகம் படிப்படியாக ஏறும்படி மாற்றிவிடலாம்.

எல்லோருக்கும் இரட்டைக் கோபுரம் தேவையில்லை. 65 வாட் பிராசஸருக்கு 120 மில்லிமீட்டர் விசிறியுள்ள ஒற்றைக் கோபுரமே தாராளம். எதை வாங்கினாலும் கேபினெட்டில் அதன் உயரத்துக்கு இடமுண்டா, ராம் தகடுகள் இடிக்குமா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள். அடித்தட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவே உஷ்ணத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும்.

புதியதற்குப் பணம் எடுக்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்து, விசிறி இறக்கைகள் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, தகடுகளின் இடுக்கில் கம்பளம் போல் படிந்திருக்கும் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் துடைத்துப் பாருங்கள். பல வீடுகளில் இரைச்சல் அதிலேயே அடங்கிவிடுவதுண்டு.